கள்ள மென்பொருளும் கட்டற்ற மென்பொருளும்: வன்னிக் கடைகளில் இருந்து வரும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் கொம்பியூட்டர் வைத்துத் தொழில் செய்யும் கொமினிகேசன் கடைகள், ஸ்டூடியோக்கள், உரக்கடைகள், அரிசி ஆலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன.

கடையில இருக்கிற வின்டோஸ் கள்ளமோ நல்லதோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது?

செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்று போங்கள். வின்டோஸ் 10 என்றால் அப்டேட் அன்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். அங்கே "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" செயற்படுத்தப்பட்டதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், உங்களுடையது தனிக் கடையாகவும் இருந்தால், அது கள்ளம்தான். நூற்றுக்கணக்கான கொம்பியூட்டர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கென்று மைக்ரோசொப்ட் வைத்த முறை அது. அந்த நிறுவனத்தின் சேர்வர் ஒவ்வொரு மெசினுக்கும் 180 நாள் அனுமதி கொடுத்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். ஆக்டிவேட்டர் என்று பென்டிரைவில் வருவது, உங்கள் மெசினுக்குள்ளேயே அப்படியொரு போலிச் சேர்வரை நடத்துகிறது.

"டிஜிட்டல் லைசன்ஸ்" என்று வந்தாலும் பில்லைத் தேடுங்கள். அப்படிக் காட்டவைக்கும் குறுக்குவழிகளும் உண்டு. கடையில் பொருத்தி வாங்கிய மெசின், பில்லில் வின்டோஸுக்கென்று ஒரு வரியும் இல்லை என்றால் உரிமம் வாங்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பெட்டியோடு வந்த லப்டொப்பில் பெரும்பாலும் உரிமம் இருக்கும். ஆனால் அதில் இருக்கும் எம்எஸ் ஓபிஸைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆக்டிவேட் பண்ணாமல் சும்மா பாவிச்சால் பிரச்சினை இல்லைத்தானே?

மெசின் ஓடும். மூலையில் ஒரு வாசகம் நிற்கும், பின்னணிப் படம் போன்ற சில அமைப்புகளை மாற்ற முடியாது. உரிமம் இல்லை என்பது மட்டும் மாறாது. ஆனால் இரண்டில் ஒன்றுதான் வழி என்றால், ஆக்டிவேட்டர் போட்ட மெசினைவிட இது எவ்வளவோ மேல். காரணம் நாலாவது கேள்வியில் இருக்கிறது.

சின்னக் கடை. இதுக்கெல்லாம் ஆர் வந்து பிடிக்கப் போகினம்?

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம். கணினி நிரல்களுக்கும் அது பதிப்புரிமை கொடுக்கிறது. கள்ளப் பிரதி என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தும், அதை வர்த்தக இலாபத்துக்காக வேண்டுமென்றே பாவிப்பது 178ஆம் பிரிவின்படி குற்றம். 5 இலட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதச் சிறை, அல்லது இரண்டும். போட்டுக் கொடுத்தவர் மட்டுமல்ல, பாவிக்கிறவரும் மாட்டுப்படலாம் என்பதைக் கடைக்காரர்கள் கவனிப்பதில்லை. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்ற சலுகையும் கணினி நிரல்களுக்குக் கிடையாது. முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்கென ஒரு பிரதி வைத்திருக்கலாம், அவ்வளவே.

சங்கம், அறக்கட்டளை, தொண்டு நிறுவனத்தோடு வேலை செய்யும் அலுவலகம் என்றால் பொலிஸுக்கு முன்பே கணக்காய்வாளர் கேட்கக்கூடும். கொம்பியூட்டருக்குப் பில் இருக்கிறது, மென்பொருளுக்கு எங்கே என்று.

சட்டத்தை விடுங்கோ. கிராக் போட்டால் மெசினுக்கு என்ன நடக்கும்?

எங்கள் கணிப்பில் உண்மையான சேதம் இதில்தான். கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைக்கும் புரோகிராம், ஓடவேண்டுமென்றால் முதலில் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு நிர்வாகி அனுமதி கேட்கும், ஆம் என்று அழுத்துவீர்கள். யார் எழுதியது என்று தெரியாத ஒன்றுக்கு வீட்டுத் திறப்பைக் கொடுத்து, நாயையும் கட்டிப்போட்ட மாதிரி. சில ஆக்டிவேட்டர்கள் வின்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபென்டரில் தங்கள் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடும். பிறகு அன்டிவைரஸைத் திரும்பப் போட்டாலும் அந்த இடத்தை அது பார்க்காது.

ஸ்டொப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் கப்பம் கேட்கும் வைரஸ் பரவியதே பெரும்பாலும் கிராக் கோப்புகள் வழியாகத்தான். படங்கள், வேர்ட், எக்செல் எல்லாவற்றினதும் பெயருக்குப் பின்னால் புதிதாக நாலு எழுத்து ஒட்டியிருக்கும், ஒன்றும் திறக்காது, ஃபோல்டருக்குள் காசு கேட்டு ஒரு குறிப்பு இருக்கும். இணையத்தோடு தொடர்பிருந்த நேரத்தில் பூட்டியிருந்தால் திறப்பு ஒவ்வொரு மெசினுக்கும் வேறு, மீட்பது மிகவும் கடினம். குத்தி வைத்திருந்த வெளி ஹார்ட்டிஸ்கும் சேர்ந்தே பூட்டுப்படும். இன்னொரு வகை சத்தமே போடாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுத்து அனுப்பிவிட்டு இருக்கும். வங்கிக் கணக்கையும் வாடிக்கையாளரின் மின்னஞ்சலையும் அதே மெசினில் திறக்கும் கொமினிகேசன் கடைக்கு இது மிக மோசம்.

ஒன்லைனில மலிவா "லைஃப்டைம் கீ" விக்கினம். வாங்கலாமோ?

பெரும்பாலும் அது ஏதோவொரு நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ தொகையாகக் கொடுத்த கீ, இல்லாவிட்டால் வேறொரு மெசினோடு விற்ற கீ. வேலை செய்யும், பிறகு ஒருநாள் மைக்ரோசொப்ட் அதை முடக்கும். விற்றவரின் இணையப் பக்கம் அப்போது இருக்காது. கீ என்பது உரிமமும் அல்ல, அதைப் பாவிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்டும் பில்தான் முக்கியம்.

கட்டற்ற மென்பொருள் எண்டால் சும்மா குடுக்கிறதுதானே? அப்ப எனிடெஸ்க்கும் அதுதானோ?

இல்லை. கட்டற்ற மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம், மூல நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம். இவை நான்கும் உரிமத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டவை. "எந்த வேலைக்கும்" என்பதில் வியாபாரமும் அடக்கம்.

சும்மா கிடைக்கும் பலவற்றுக்கு அந்த அனுமதி இல்லை. தூரத்து மெசினை இங்கிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டின் இலவசப் பாவனையும் சொந்தத் தேவைக்கு மட்டும். கடையில் பாவித்தால் சில நாளில் இணைப்பை வெட்டத் தொடங்கும். எம்எஸ் ஓபிஸ் ஹோம் அன்ட் ஸ்டூடன்ட் காசுக்கு வாங்கியதாக இருந்தாலும் தொழிலுக்குப் பாவிக்க அனுமதி இல்லை. வின்ரார் 40 நாள் பரீட்சார்த்தப் பதிப்பு, அதற்குப் பிறகு வாங்க வேண்டும். இவற்றுக்குப் பதிலாக ரஸ்ட்டெஸ்க், லிப்ரே ஓபிஸ், 7-சிப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

எங்கயிருந்து தொடங்கிறது? ஒரேயடியா லினக்ஸுக்குப் போகவோ?

வேண்டாம். வின்டோஸுக்குப் பதிலான கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு ஒரேயடியாகப் போனவர்களில் பலர் இரண்டாம் கிழமையே திரும்பிவந்து பழைய கிராக்கைப் போடுகிறார்கள். முதலில் இருக்கிற வின்டோஸிலேயே செயலிகளை மாற்றுங்கள்: லிப்ரே ஓபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், விஎல்சி, 7-சிப், கிம்ப், இங்க்ஸ்கேப். எல்லாம் வின்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடுபவை. கை பழகியபிறகு கீழே இருக்கும் இயங்குதளத்தை மாற்றினால் பாவிக்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எங்கள் அனுபவத்தில் இடறுவது எப்போதும் இரண்டு இடம்தான்: தமிழ் எழுத்துருவும் பிரிண்டரும். இரண்டையும் பத்தாவது, பதினைந்தாவது கேள்விகளில் பார்ப்போம்.

டேட்டா முடிஞ்சுபோகும். எவ்வளவு இறக்க வேணும்?

வின்டோஸுக்கான லிப்ரே ஓபிஸ் 350 எம்பி அளவில். லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் முழுவதும் 3 ஜிபிக்குக் கிட்ட. இரவு டேட்டாவில் ஒருவர் இறக்கினால் போதும், பென்டிரைவில் போட்டுச் சந்தி முழுவதும் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பது இங்கே சட்டப்படி சரி. ஆனால் அதிகாரபூர்வ தளத்தில் இருந்துதான் இறக்க வேண்டும். கோப்போடு அங்கே கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள். இறக்கும்போது இணைப்பு அறுந்து குறையாக வந்த கோப்புதான் "இன்ஸ்டோல் பாதியில நிக்குது" என்பதற்கு வழமையான காரணம்.

ஆக்கள் கொண்டுவாற வேர்ட் ஃபைலைத் திறந்தால் எல்லாம் குழம்பிப்போகுது. ஏன்?

பத்தில் ஏழெட்டுத் தடவை குற்றம் எழுத்துருவில். கடிதம் கலிப்ரியில் அடித்திருக்கும், உங்கள் மெசினில் கலிப்ரி இல்லை, வேறொன்று அதன் இடத்தில் வரும், அகலம் மாறும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். இதற்கென்றே அகலம் மாறாத மாற்று எழுத்துருக்கள் இருக்கின்றன: கலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்பிரியாவுக்கு கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் குடும்பம். இவை போட்டிருந்தால் பெரும்பாலான கடிதங்கள் வரிக்கு வரி பொருந்தும்.

திருப்பி அனுப்பும்போது டொக்எக்ஸ் வடிவில் சேமியுங்கள். டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய் வழமையான வடிவமாக அதை ஒருமுறை வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் தெரிவு செய்யத் தேவையில்லை. அச்சுக்கு மட்டும் வரும் வாடிக்கையாளரிடம் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்வதே நல்லது. மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) உள்ள எக்செல் படிவங்கள் மட்டும் சில வேளை லிப்ரே ஓபிஸில் ஓடாது. அதற்கு எழுத்துரு மருந்தல்ல, பதினெட்டாவது பதிலைப் பாருங்கள்.

பாமினியில அடிச்ச பழைய கடிதங்கள் என்னாகும்?

ஒன்றும் ஆகாது. பாமினி கடிதத்துக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத மெசினில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவதும் அதனால்தான். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டால் அங்கேயும் பாமினி தெரியும், பழைய மாதிரியே அடிக்கவும் முடியும்.

லிப்ரே ஓபிஸில் அடிக்கத் தொடங்கியதும் வேறொரு தொல்லை வரும். ஒவ்வொரு வசனத்தின் முதல் எழுத்தையும் அது தானாகப் பெரிய எழுத்தாக மாற்றும். பாமினியில் சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறு வேறு தமிழ் எழுத்து என்பதால் வசனத்தின் தொடக்கம் எல்லாம் பிழையாகும். டூல்ஸ், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் திறந்து, முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டு பெரிய எழுத்தைத் திருத்துவது, மேற்கோள் குறியை வளைப்பது ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். "லிப்ரே ஓபிஸில பாமினி சரிவராது" என்ற கதை கிளம்பியதே இந்த மூன்று புள்ளடிகளால்தான்.

புதிதாக அடிப்பதை யூனிகோட்டில் அடிக்கத் தொடங்குங்கள். ஒப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குள் சிக்கல் எழுத்து வடிவத்துக்கான (கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) புள்ளடியைப் போட்டுத் தமிழைத் தெரிவுசெய்ய வேண்டும். அதன்பிறகு யூனிகோட் தமிழுக்கு ஒரு எழுத்துருவும் ஆங்கிலத்துக்கு இன்னொன்றும் தனித்தனியே இருக்கும். பாமினி ஆங்கிலப் பக்கத்தில் சேரும். இது தெரியாமல் "எழுத்தின் அளவு மாறுதில்லை" என்று கேட்பவர்கள் அதிகம். லினக்ஸில் ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல், ரெங்கநாதன் விசைப்பலகைகள் கிடைக்கும். தட்டச்சு முறையில் பழகிய விரலுக்கு இலங்கைத் தரமான ரெங்கநாதன் வசதி. பழைய பாமினிக் கோப்பை மாற்றியில் போட்டு யூனிகோட்டாக்கும்போது இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

போட்டோஷொப் இல்லாமல் ஸ்டூடியோ நடத்தலாமோ?

பாஸ்போர்ட் அளவுப் படம், பின்னணி மாற்றுவது, பழைய படத்தைத் திருத்துவது எல்லாம் கிம்ப்பில் தாராளமாக முடியும். 35க்கு 45 மில்லிமீற்றர் படம் 300 டிபிஐயில் 413க்கு 531 பிக்சல். 4ஆர் தாளில் படத்தைச் சரித்து வைத்தால் எட்டு, நேரே வைத்தால் ஆறுதான் கொள்ளும். ஒருமுறை அந்தத் தாளைச் செய்து வைத்துவிட்டால் பிறகு படத்தை மாற்றுவது மட்டுமே வேலை. கமராவின் ரோ கோப்புகளுக்கு டார்க்டேபிள்.

கலியாண அல்பம் வேறு கதை. சந்தையில் விற்கும் அல்பப் பக்க மாதிரிகள் பிஎஸ்டி வடிவில் போட்டோஷொப்புக்கென்றே செய்தவை. கிம்ப் அவற்றைத் திறக்கும், ஆனால் சில அடுக்கு விளைவுகளும் எழுத்துகளும் படமாகத் தட்டையாகிவிடும். மாதம் நிறைய அல்பம் செய்யும் ஸ்டூடியோ ஒரு மெசினுக்கு மட்டும் போட்டோஷொப் சந்தா கட்டி, மற்ற மெசின்களைக் கிம்ப்புக்கு மாற்றுவதுதான் கணக்குக்குச் சரிவரும்.

கலியாணக் காட், நோட்டீஸ் அடிக்கிறம். கோரல் ட்ரோவுக்குப் பதில் என்ன?

வரைவதற்கு இங்க்ஸ்கேப், பக்கம் அடுக்கி அச்சகத்துக்கு அனுப்ப ஸ்கிரைபஸ். இரண்டும் தேவைப்படுவதற்குக் காரணம் நிறம். ஓப்செட் அச்சு நாலு மையில் நடக்கும். இங்க்ஸ்கேப் திரைக்குரிய மூன்று நிறத்தில் நிற்கிறது, நாலு நிறப் பிடிஎஃப் ஸ்கிரைபஸில்தான் எடுக்க வேண்டும். அதுவும் 1.6 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு. பழைய 1.4இல் யூனிகோட் தமிழின் கொம்புகள் இடம் மாறி விழும்.

கையில் இருக்கும் பழைய கோரல் கோப்புகளை இங்க்ஸ்கேப்பும் லிப்ரே ஓபிஸ் ட்ரோவும் ஓரளவு திறக்கும். வடிவங்கள் வரும், எழுத்துகள் தளம்பும். ஆகவே கோரலை அகற்றமுன் அடிக்கடி தேவைப்படும் வடிவமைப்புகளைப் பிடிஎஃப் ஆகவும் எஸ்விஜி ஆகவும் எடுத்து வையுங்கள். அலங்காரத் தமிழ் எழுத்துருக்களுக்கும் உரிமம் உண்டு, அவையும் களவாகவே சுற்றுகின்றன. கட்டற்ற உரிமத்தில் கட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை, கவிவனார், பவனம் போன்றவை கிடைக்கும். அழைப்பிதழுக்கு முதலில் கவிவனாரைப் போட்டுப் பாருங்கள்.

கணக்குக்கு என்ன இருக்கு? கிராக் பண்ணின கணக்குப் புரோகிராமை எப்ப விடுறது?

உரக்கடை, ஆலை, சிறு சங்கம் போன்றவற்றுக்கு குனூகேஷ் போதும். இரட்டைப் பதிவு முறை, ரூபாயில் கணக்கு, கடன்காரர் பட்டியல், இலாப நட்டம், ஐந்தொகை எல்லாம் தரும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். காசாளர் மேசையில் நின்று பில் அடிக்கும் வேலைக்கு அது செய்தது அல்ல. காசாளர் மேசையும் சரக்கிருப்பும் வேண்டுமென்றால் ஓடூ சமூகப் பதிப்பு இருக்கிறது, ஆனால் அதில் முழுக் கணக்கியல் பகுதி இல்லை, நிறுவவும் தெரிந்தவர் வேண்டும்.

மாறுவதற்கு மார்ச் 31 நல்ல நாள். வரி ஆண்டு அன்றோடு முடிகிறது. பழைய புரோகிராமில் இருந்து பேரேடுகளையும் பரீட்சை மீதியையும் பிடிஎஃப், எக்செல் இரண்டிலும் எடுத்து, ஏப்ரல் 1 தொடக்க மீதிகளைப் புதியதில் பதியுங்கள். ஒரு மாதம் இரண்டிலும் எழுதி மீதிகளை ஒப்பிடுங்கள். நடு ஆண்டில் மாறினால் பாதி இங்கே பாதி அங்கே என்று கிடந்து கணக்காளரிடம் திட்டு வாங்குவீர்கள்.

வின்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு எண்டினம். பழைய மெசினை எறியிறதோ?

வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் நின்றுவிட்டது. 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது பிந்தியது. அதற்கு முந்திய மெசின்தான் லினக்ஸுக்கு நல்ல இடம். 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பழைய ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் தெரியும் வித்தியாசம் ராம் கூட்டுவதைவிட அதிகம்.

பிரிண்டர் வேலை செய்யுமோ?

மொடலைப் பொறுத்தது. எப்சன் எல் வரிசை இங்க்டாங்க், எச்பி, பிரதர் பெரும்பாலும் சிக்கலின்றி வரும். கொமினிகேசன் கடைகளில் இன்னும் உழைக்கும் கனன் எல்பிபி2900 தான் தலையிடி. அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது, புதிய பதிப்புகளில் மல்லுக்கட்ட வேண்டும். அந்த பிரிண்டர் மட்டும் இருக்கும் கடை, அது இணைத்திருக்கும் மெசினை மாற்றாமல் விடுவது புத்தி. பார்கோட் ஸ்கானர் கீபோர்ட் மாதிரித்தான் வேலை செய்யும், டிரைவர் வேண்டாம். பிரிண்டரின் தலை சுத்தம் செய்யும் புரோகிராம், மை மட்டம் காட்டும் புரோகிராம் போன்றவை லினக்ஸில் இல்லாமல் போகலாம்.

லினக்ஸ் போடேக்க என்னென்ன பிழைக்கும்?

8 ஜிபி பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், பிரிண்டர், தமிழ் நாலையும் பார்த்தபிறகுதான் அடுத்தது. எல்லாக் கோப்பும் வெளி ஹார்ட்டிஸ்கில் ஏறியிருக்க வேண்டும். ஏற்றி முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள், டிஸ்க்கைத் தெரிவுசெய்யும் திரையில் தவறாக அதையே அழித்த கதைகள் உண்டு.

வின்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பதென்றால் மூன்று விடயம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புக் கீயை எழுதி வையுங்கள். வின்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து வின்டோஸ் டிரைவில் எழுத முடியாது. மூன்றாவது நேரம்: லினக்ஸ் மெசினின் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கும், வின்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசித்து ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்குக் காட்டும். பில்லில் திகதி பிழைக்கும் கடைகளுக்கு இதுதான் காரணம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீரும்.

வைஃபை வரவில்லை என்றால் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேலாளரைத் திறந்து டிரைவரை இறக்குங்கள். செக்யூர் பூட் (மெசின் தொடங்கும்போது அனுமதியில்லாத மென்பொருளைத் தடுக்கும் அமைப்பு) இயங்கும் மெசினில் அப்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், மறுமுறை தொடங்கும்போது நீலத் திரையில் அதையே கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையைப் பயந்து தாண்டிவிடுகிறார்கள், டிரைவர் ஏறாமல் நிற்கும்.

கரண்ட் அடிக்கடி போகுது. அடிச்சதெல்லாம் போகாதோ?

லிப்ரே ஓபிஸ் வழமையாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். ஒன்பதாவது பதிலில் சொன்ன அதே இடத்தில் அதை 2 ஆக்குங்கள். யூபிஎஸ்ஸுக்கு மாற்று எந்த மென்பொருளிலும் இல்லை.

எல்லாம் மாத்தியும் ஒண்டு ரெண்டு வேலை மட்டும் சரிவராட்டி?

அதற்கு மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். எட்டு மெசின் உள்ள சங்கத்தில் மேக்ரோப் படிவம் நிரப்ப ஒன்று, பழைய பிரிண்டருக்கு ஒன்று என்று இரண்டு உரிமம் வாங்கினால் மற்ற ஆறும் கட்டற்ற மென்பொருளில் ஓடலாம். எட்டிலும் கிராக் வைத்திருப்பவர் "எல்லாத்துக்கும் வாங்கக் காசில்லை" என்று சொல்வார். எல்லாவற்றுக்கும் வாங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.

பழுதானால் கிளிநொச்சியில ஆர் பார்க்கிறது?

அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், வவுனியாவில் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளைத் தேட அவை நல்ல இடம். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒரு பிரதி எடுக்கும்படி வைத்தால், அப்டேட்டில் ஏதும் பிழைத்தாலும் முந்திய நிலைக்குத் திரும்பலாம். அது உங்கள் கோப்புகளைக் காக்காது, சிஸ்டத்தை மட்டும்தான். கோப்புகளுக்கு வெளி ஹார்ட்டிஸ்க், அதுவும் வேலை முடிந்ததும் கழற்றி வைத்தது.

நான் கொம்பியூட்டர் திருத்திறவன். லிப்ரே ஓபிஸும் மின்ட்டும் போட்டுக் குடுக்கக் காசு வாங்கலாமோ?

தாராளமாக. உரிமம் அதைத் தடுக்கவில்லை. கிராக் போட்டுக் கொடுத்து வாங்கும் காசுக்குத்தான் மூன்றாவது பதிலில் உள்ள சட்டம் காத்திருக்கிறது. மாதிரிக் கடிதம் ஒன்று, எழுத்துருக்கள், ஓட்டோகரெக்ட் மாற்றங்கள், பிரிண்டர் பரிசோதனை, அரை மணித்தியாலம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு தொகையாகப் பேசுங்கள். பில்லில் "லிப்ரே ஓபிஸ்" என்று விலை போடாமல் "நிறுவுதலும் பயிற்சியும்" என்று எழுதுங்கள். பிறகு வாடிக்கையாளர் அதைச் சும்மா இறக்கலாம் என்று கேள்விப்பட்டு வந்து சண்டை பிடிக்கமாட்டார்.